ரீஸ்டோர் இழுத்துக்கொண்டே போகிறதா? அறிகுறியை வைத்து டிஸ்க் அமைப்பைச் சரிபார்க்கும் வழிமுறை

டேட்டாபேஸை பேக்கப் எடுக்க 40 நிமிடம்தான் ஆனது. அதே கோப்பிலிருந்து ரீஸ்டோர் செய்தால், அதாவது டேட்டாபேஸை மீட்டால், நான்கு மணி நேரம் ஓடுகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலானோர் டேட்டாபேஸ் செட்டிங்குகளைத்தான் முதலில் தோண்டுவார்கள். மெமரியைக் கூட்டுவார்கள், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வார்கள். எந்தக் கோப்பு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்ற கேள்வி கடைசியாகத்தான் வரும். அதை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சமாகும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

ரீஸ்டோரில் நான்கு விஷயங்கள் டிஸ்க்கைத் தொடுகின்றன: பேக்கப் கோப்பு, டேட்டா கோப்புகள், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் லாக் (எஸ்க்யூஎல் சர்வரில் டிரான்சாக்ஷன் லாக், போஸ்ட்கிரெஸில் வால் அதாவது WAL, மைஎஸ்க்யூஎல்லில் ரீடூ லாக்), தற்காலிக இடம். நான்கையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது உட்கார்ந்திருக்கும் உண்மையான டிஸ்க்கின் பெயரைப் போடுங்கள்.

"டி டிரைவ், ஈ டிரைவ்" என்று எழுதிவிட்டு நிறுத்தினால் போதாது. டிரைவ் எழுத்து வேறு, டிஸ்க் வேறு. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தால் டி, ஈ இரண்டுமே "டிஸ்க் 1" என்ற ஒரே வரிசையில் இருப்பது பல சர்வர்களில் தெரியும். லைனக்ஸில் எல்எஸ்பிஎல்கே கட்டளை இதைக் காட்டிவிடும். மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். உங்களுக்கு இரண்டு டிஸ்க்காகத் தெரிவது, அடியில் ஒரே ரெய்டு குழுவிலிருந்து (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்தது) வெட்டிக் கொடுத்த இரண்டு துண்டுகளாக இருக்கலாம். அது ஸ்டோரேஜைக் கவனிப்பவருக்குத்தான் தெரியும், அவரிடம் கேட்டுவிடுங்கள். நான் ஒரு முறை இதைக் கேட்காமல் பேக்கப்பை "வேறு" டிரைவுக்கு மாற்றினேன். அரை நாள் போனது, வேகம் துளியும் மாறவில்லை. இரண்டும் ஒரே குழுவில்தான் இருந்தன.

அடுத்தது அளவு. படிக்கும் பக்கத்தையும் எழுதும் பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி கட்டளை பேக்கப் முழுவதையும் படிக்கும், ஆனால் டேட்டா கோப்பில் எதையும் எழுதாது. அதற்கு ஆகும் நேரம்தான் உங்கள் படிக்கும் பக்கத்தின் நேரம். மற்ற இடங்களில் டிடி (dd) கட்டளையால் கோப்பைப் படித்து, எங்கும் சேமிக்காமல் வெறுமைக்கு (/dev/null) அனுப்பலாம். கோப்பைச் சற்று முன்தான் நகலெடுத்திருந்தால் அது மெமரியிலேயே இருக்கும், டிஸ்க்கைத் தொடாமலே பிரமாதமான வேகம் காட்டும். ஆகவே இந்த மெமரித் தேக்கத்தை, அதாவது கேஷை, தவிர்க்கும் டைரக்ட் முறையில் படிக்கச் சொல்லுங்கள். எழுதும் பக்கத்துக்கு எஃப்ஐஓ அல்லது டிஸ்க்எஸ்பிடி என்ற வேகச் சோதனைக் கருவி. சோதனைக் கோப்பு கேஷைவிடப் பெரிதாக இருக்கட்டும். வெறும் பூஜ்ஜியங்களை எழுதிச் சோதிக்காதீர்கள், சுருக்கி வைக்கும் ஸ்டோரேஜ் அதை எழுதாமலே எழுதியதாகச் சொல்லிவிடும்.

500 ஜிபியை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினால் ஏறக்குறைய 56 நிமிடம். உங்கள் கணக்கில் வருவதும் நிஜத்தில் ஆவதும் அருகருகே இருந்தால் டிஸ்க் தன்னால் முடிந்ததைச் செய்கிறது, வேகமான டிஸ்க் வாங்குவதுதான் வழி. இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் கீழே படியுங்கள்.

அறிகுறி: 0 சதவீதத்திலேயே நிற்கிறது

இது பெரும்பாலும் எஸ்க்யூஎல் சர்வரில் வரும். ரீஸ்டோர் தொடங்கியது, சதவீதம் நகரவில்லை, ஆனால் டிஸ்க்கில் எழுத்து வேலை மட்டும் மும்முரமாக நடக்கிறது. ஒரு பைட் டேட்டாகூட இன்னும் வரவில்லை. கோப்புகளை உருவாக்கி, அவற்றில் பூஜ்ஜியம் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

டேட்டா கோப்புகளுக்கு இதைத் தவிர்க்கலாம். சர்வீஸ் கணக்குக்கு "பெர்ஃபார்ம் வால்யூம் மெயின்டெனன்ஸ் டாஸ்க்ஸ்" என்ற உரிமையைக் கொடுத்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இன்ஸ்டன்ட் ஃபைல் இனிஷியலைசேஷன் வேலை செய்யும். முன்பு அந்த இடத்தில் இருந்து அழிக்கப்பட்ட தகவல் டிஸ்க்கில் துடைக்கப்படாமல் கிடக்கும் என்பதால், ரகசியத் தகவல் உள்ள இடங்களில் பாதுகாப்பைப் பார்ப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

லாக் கோப்புக்கு இந்தச் சலுகை இல்லை. 2022 பதிப்பில் 64 எம்பி வரையிலான தானியங்கி வளர்ச்சிக்கு மட்டும் விலக்கு உண்டு, ரீஸ்டோரில் அது உதவாது. பேக்கப் எடுத்தபோது லாக் 200 ஜிபி இருந்திருந்தால், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் 200 ஜிபியும் பூஜ்ஜியமாக எழுதப்படும். விநாடிக்கு 150 எம்பி என்றால் அதற்கே 22 நிமிடம். லாக் கோப்பை ரீஸ்டோர் கட்டளையின் மூவ் விருப்பத்தால் வேகமான டிஸ்க்குக்குத் திருப்பி விடுங்கள். அப்புறம் மூல டேட்டாபேஸில் லாக் ஏன் அவ்வளவு வீங்கியது என்று பார்த்து, தேவையில்லாததைச் சுருக்கிவிட்டு அடுத்த பேக்கப்பை எடுங்கள். இதுதான் நடக்கிறதா என்று உறுதி செய்ய 3004, 3605 என்ற இரண்டு டிரேஸ் ஃபிளாக்குகளை இயக்கினால், பூஜ்ஜியம் நிரப்பும் ஒவ்வொரு கட்டமும் எரர் லாக்கில் நேரத்தோடு பதிவாகும்.

அறிகுறி: ஆரம்பம் முதலே சீராக, ஆனால் மிக மெதுவாக

அதிகம் பார்ப்பது இதைத்தான். சதவீதம் நகர்கிறது, நின்று நின்று போகவில்லை, ஆனால் கணக்கிட்ட வேகத்தில் பாதிகூட இல்லை, சில சமயம் பத்தில் ஒரு பங்கு. டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட்டை விநாடிக்கு ஒரு முறை ஓட விடுங்கள், விண்டோஸ் என்றால் ரிசோர்ஸ் மானிட்டர். ஒரே டிஸ்க்கில் படிப்பும் எழுத்தும் ஏறக்குறைய சம அளவில் ஓடினால், பேக்கப் கோப்பும் டேட்டா கோப்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

சுழலும் டிஸ்க்கில் இது ஏன் இவ்வளவு அடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவிநாடி. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது 4.17. படிமுனை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர இன்னும் 8 அல்லது 9. ஆக ஒரு தாவலுக்குச் சுமார் 12.5 மில்லிவிநாடி போகிறது, அதில் ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை. ரீஸ்டோர் பேக்கப்பிலிருந்து ஒரு துண்டு படிக்கும், டேட்டா கோப்புக்குத் தாவி எழுதும், திரும்ப பேக்கப்புக்குத் தாவும்.

ஒரு தாவலுக்கு 64 கேபி என்றால் விநாடிக்கு 5 எம்பிதான் கிடைக்கும். ஒரு எம்பி என்றால், விநாடிக்கு 160 எம்பி தரும் டிஸ்க்கில், சுமார் 53 எம்பி. 4 எம்பி என்றால் 107. இவை படிப்பும் எழுத்தும் சேர்ந்த கணக்கு, ரீஸ்டோருக்கு இதில் பாதிதான். இயங்குதளமும் கன்ட்ரோலரும் வரிசையை மாற்றிக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும் என்பதால் நிஜ எண்கள் இதைவிடச் சற்று நன்றாக இருக்கும், ஆனால் போக்கு இதேதான். அதே டிஸ்க் தாவாமல் ஒரே நேர்கோட்டில் ஓடினால் முழு 160-ஐயும் தரும்.

ஒரு டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து ஒன்றில் பேக்கப், மற்றதில் டேட்டா என்று வைப்பது எல்லாவற்றிலும் மோசம். பிரித்து வைத்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டும்தான் மிச்சம். படிமுனை இரண்டு கோடிக்கும் நடுவே ஓடியே நேரத்தைக் கழிக்கும். போதாக்குறைக்கு, டிஸ்க்கின் வெளி விளிம்பைவிட உள் விளிம்பில் வேகம் ஏறக்குறைய பாதிதான், கடைசிப் பார்ட்டிஷன் வழக்கமாக அங்கேதான் போய் விழும்.

சரி, என்ன செய்யலாம்? பேக்கப் கோப்பை வேறொரு உண்மையான டிஸ்க்குக்கு மாற்றுங்கள். வேறு டிஸ்க் இல்லை, பக்கத்தில் இன்னொரு இயந்திரம் இருக்கிறது என்றால், பேக்கப்பை அங்கே வைத்து நெட்வொர்க் வழியாகப் படியுங்கள். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில்கூட விநாடிக்கு 110 எம்பி அளவுக்கு வரும், மேலே பார்த்த 53-இன் பாதியைவிட அது எவ்வளவோ மேல். நகலெடுக்க ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் நகலெடுத்து ரீஸ்டோர் செய்வதற்குள், இருந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

எந்த வழியும் இல்லை, ஒரே டிஸ்க்தான் என்றால் இரண்டு காரியம் உதவும். பேக்கப்பைச் சுருக்கப்பட்ட வடிவில் எடுத்தால் படிக்க வேண்டியது குறையும், தாவல்களும் குறையும். எஸ்க்யூஎல் சர்வரில் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர்சைஸை (ஒரு முறை நகர்த்தும் துண்டின் அளவு) 4 எம்பி ஆக்கி, பஃபர்கவுன்ட்டையும் (அத்தகைய துண்டுகளின் எண்ணிக்கை) கூட்டிப் பாருங்கள். இரண்டையும் பெருக்கினால் வரும் அளவு மெமரி பிடிக்கும், கையில் இருப்பதைப் பார்த்து வையுங்கள்.

சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் தாவல் செலவு இல்லை. ஆனாலும் சாட்டா எஸ்எஸ்டி என்றால் போக்குவரத்து எல்லாம் ஒரே குழாயில்தான், நடைமுறையில் விநாடிக்கு 550 எம்பி, அதுவும் ஒரு நேரத்தில் ஒரு திசையில். படிப்புக்கும் எழுத்துக்கும் பங்கு போட்டால் ஆளுக்குப் பாதி. என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகை இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் ஓடும். அங்கே "100 சதவீதம் பிஸி" என்று ஐஓஸ்டாட் காட்டினாலும் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள்.

அறிகுறி: நன்றாகத் தொடங்கி, நடுவில் சட்டென்று படுத்துவிடுகிறது

முதல் கால் பகுதி பறக்கிறது, அப்புறம் ஊர்கிறது. இதைக் கண்டால் ரீஸ்டோரை நிறுத்துவதற்கு முன் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை ஜிபி எழுதிய பிறகு விழுந்தது, எத்தனை நிமிடம் கழித்து விழுந்தது. மறுமுறை ஓட்டும்போது அதே ஜிபியில் விழுந்தால் நிரம்பிய ஏதோ ஒரு கேஷ் காரணம். அதே நிமிடத்தில் விழுந்தால் தீர்ந்துபோன ஏதோ ஒரு ஒதுக்கீடு, அல்லது சூடேறித் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ளும் என்விஎம்இ. காரணம் எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் இதிலேயே பிடித்துவிடலாம்.

ஜிபி கணக்கில் விழுபவை: சாதாரண வகை எஸ்எஸ்டிகள் உள்ளே ஒரு பகுதியை வேகமான எழுத்துக் கேஷாக வைத்திருக்கும், அது நிரம்பினால் அடியில் உள்ள மெதுவான ஃபிளாஷின் நிஜ வேகம் வெளியே தெரியும். எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்கில் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இடைக் கேஷ் நிரம்பியதும் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டிவரும். இந்த வகை டிஸ்க் பேக்கப்பைச் சேமித்து வைக்கச் சரி, ரீஸ்டோர் செய்யும் இலக்காக வேண்டவே வேண்டாம். லைனக்ஸில் இயங்குதளமே எழுத வேண்டியதை மெமரியில் தேக்கி வைத்து, எல்லை தாண்டியதும் எல்லோரையும் நிறுத்திவைத்துக் கொட்டுவதும் உண்டு.

நிமிடக் கணக்கில் விழுபவை பெரும்பாலும் கிளவுட் டிஸ்க்குகள். அமேசானின் gp2 வகையில் ஒரு ஜிபிக்கு விநாடிக்கு 3 படிப்பு-எழுத்துச் செயல்கள்தான் நிரந்தர உரிமை. சேமித்த கிரெடிட் உள்ளவரை 3000 வரை போகலாம். நிரம்பிய கிரெடிட் 54 லட்சம், அது 3000 வேகத்தில் சுமார் 30 நிமிடத்துக்கு வரும். அதன் பிறகு 100 ஜிபி டிஸ்க் விநாடிக்கு 300-இல் வந்து நிற்கும். gp3 வகையில் அளவு எதுவானாலும் 3000 செயல்களும் விநாடிக்கு 125 மெபிபைட்டும் அடிப்படை, கூடுதலாக வேண்டியதைத் தனியாக வாங்கலாம். ரீஸ்டோர் நடக்கும் அன்று மட்டும் கூட்டிவிட்டுப் பிறகு குறைப்பது நல்ல வழி. இயந்திரத்தின் வகைக்கென்றே ஸ்டோரேஜ் வேக வரம்பு தனியாக உண்டு, டிஸ்க்கை மட்டும் கூட்டிவிட்டு ஏமாறாதீர்கள்.

கிளவுடில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (டிஸ்க்கின் ஒரு கண நேர நகல்) புதிதாக உருவாக்கிய டிஸ்க்கில் கதை வேறு: அங்கே முதல் நிமிடத்திலிருந்தே மந்தம், ஒருமுறை படித்த பகுதி இரண்டாம் முறை பறக்கும். தகவல் பின்னணியில் தொலைவிலிருந்து கேட்கக் கேட்க வருகிறது. முழு டிஸ்க்கையும் ஒருமுறை படித்துச் சூடாக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அறிகுறி: 100 சதவீதம் காட்டுகிறது, ஆனால் முடியவில்லை

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நகல் எடுக்கும் கட்டம் முடிந்து, லாக்கில் உள்ளதைத் திரும்பச் செய்யும் கட்டமும், முடியாமல் விட்ட டிரான்சாக்ஷன்களைத் திருப்பும் கட்டமும் ஓடுகின்றன. இப்போது நிறுத்தினால் முதலிலிருந்து.

இதுவரை டிஸ்க்கின் நேர்கோட்டு வேகம் முக்கியமாக இருந்தது. இங்கே கேள்வி மாறுகிறது: அங்கும் இங்கும் சிதறிய சின்னச் சின்னப் பக்கங்களை எவ்வளவு சீக்கிரம் தொட முடியும்? சுழலும் டிஸ்க் விநாடிக்கு 80 முறை தொடும், அவ்வளவுதான். டேட்டா கோப்பு எஸ்எஸ்டியில் இருந்தால் இந்தக் கட்டம் பல மடங்கு சுருங்கும். எஸ்க்யூஎல் சர்வரில் இன்னொன்றையும் பாருங்கள்: லாக் சின்னச் சின்னத் துண்டுகளாக வளர்ந்து ஆயிரக்கணக்கான விர்ச்சுவல் லாக் ஃபைல்கள் உருவாகியிருந்தால் இந்தக் கட்டம் தனியே நீளும். டிபிசிசி லாக்இன்ஃபோ எத்தனை என்று சொல்லும். மூலத்தில் லாக்கைச் சுருக்கி, பெரிய துண்டுகளாக மறுபடி வளர்த்தால் சரியாகும்.

போஸ்ட்கிரெஸில் வால் மீள்செயலை ஒரே புராசஸ்தான் செய்யும், கோர்களைக் கூட்டிப் பலனில்லை. 15-ஆம் பதிப்பிலிருந்து வரப்போகும் பக்கங்களை முன்கூட்டியே கேட்டு வைக்கும் வசதி உண்டு. ஆர்க்கைவிலிருந்து வால் துண்டுகள் 16 எம்பியாக ஒவ்வொன்றாக வருவதால், ஆர்க்கைவ் தொலைவில் இருந்தால் அந்தப் பயண நேரமே பெரிதாகிவிடும். எல்லாவற்றையும் முதலில் உள்ளூர் டிஸ்க்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள், டேட்டா இருக்கும் டிஸ்க் வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் எக்ஸ்ட்ராபேக்கப் என்ற பேக்கப் கருவியைப் பயன்படுத்துபவர்கள், பேக்கப்பில் லாக்கை ஏற்றித் தயார்செய்யும் ப்ரிப்பேர் கட்டத்துக்கு மெமரியைக் கூட்டிக் கொடுங்கள், இயல்பு மதிப்பு 100 எம்பிதான். ப்ரிப்பேர் செய்த இடமும் டேட்டா போகும் இடமும் ஒரே ஃபைல் சிஸ்டம் என்றால் காப்பி பேக்குக்குப் பதில் மூவ் பேக் கொடுங்கள், பெயர் மாற்றத்தோடு முடிந்துவிடும். பேக்கப்புக்கு இன்னொரு நகல் இருந்தால் மட்டும்.

அறிகுறி: சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறது

டம்ப் கோப்பிலிருந்து (டேட்டாவை வரிசைகளாக எழுதி வைத்த பேக்கப்) வரிசை வரிசையாக ஏற்றும் ரீஸ்டோரில் இது வரும். ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ் லாக்கில் செக்பாயின்ட் (மெமரியில் மாறிய பக்கங்களை டிஸ்க்கில் எழுதும் வேலை) அடிக்கடி நடக்கிறது என்ற எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். மேக்ஸ் வால் சைஸின் இயல்பு மதிப்பு 1 ஜிபி. பெரிய ரீஸ்டோரில் அது நொடிகளில் நிரம்பி, மெமரியில் உள்ள பக்கங்களை எல்லாம் டிஸ்க்கில் கொட்டச் சொல்லும். அந்த நேரத்தில் வாலும் அதே டிஸ்க்கில் எழுதப்பட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ரீஸ்டோர் முடியும்வரை அந்த மதிப்பைப் பல ஜிபிக்கு உயர்த்தி, வால் டைரக்டரியைத் தனி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். இன்டெக்ஸ் கட்டும் கட்டத்துக்கு மெயின்டெனன்ஸ் வொர்க் மெமையும் 64 எம்பியிலிருந்து உயர்த்துங்கள். அப்படியும் மெமரியில் அடங்காத வரிசைப்படுத்தல் டெம்ப் டேபிள்ஸ்பேஸுக்குப் போகும், அதுவும் டேட்டாவோடு மோதாத டிஸ்க்காக இருக்கட்டும்.

போஸ்ட்கிரெஸின் பிஜி ரீஸ்டோர் கருவியில் இணை வேலைகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வார்கள். எஸ்எஸ்டியில் நல்ல யோசனை. ஒற்றைச் சுழலும் டிஸ்க்கில் நான்கு வேலை என்றால் படிமுனைக்கு நான்கு பக்கத்திலிருந்தும் இழுப்பு, வேகம் குறையவே வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: படிப்பு வேகம், எழுத்து மட்டும் தள்ளாடுகிறது

ரெய்டைப் பாருங்கள். ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கு அடியில் நான்கு செயல்கள், ரெய்டு 6-இல் ஆறு, ரெய்டு 10-இல் இரண்டு. ரீஸ்டோர் பெரிய துண்டுகளாக எழுதுவதால் கன்ட்ரோலரின் கேஷ் அவற்றை முழு வரிசையாகச் சேர்த்து இந்தச் செலவைத் தவிர்த்துவிடும். ஆனால் அந்தக் கேஷின் பேட்டரி போய்விட்டால் கன்ட்ரோலர் சத்தமில்லாமல் நேரடி எழுத்துக்கு மாறிவிடும். நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் பேட்டரி நிலையையும், குழுவில் ஏதாவது டிஸ்க் விழுந்து மறுகட்டமைப்பு நடக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். இலக்கு டிஸ்க்கில் லைனக்ஸின் எல்விஎம் ஸ்னாப்ஷாட் ஒன்று மறந்துபோய்க் கிடந்தாலும் இதே அறிகுறிதான்: ஒவ்வொரு எழுத்துக்கும் முன் பழையதை நகலெடுத்து வைக்கும்.

அறிகுறி: எல்லா டிஸ்க்கும் சும்மா இருக்கிறது, ஆனாலும் மெதுவாகத்தான் போகிறது

அப்படியானால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் இருந்தால் சுருக்கத்தை விரிப்பதுதான் தடை. ஆன்டிவைரஸ் பேக்கப் கோப்பையோ டேட்டா கோப்பையோ நக்கிப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு பேக்கப் கோப்புக்கு ஒரு திரெட் என்பதால், அடுத்த முறை பேக்கப்பை நான்கு கோப்புகளாகப் பிரித்து எடுங்கள்.

எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றி, நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். அவசரத்தில் மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று அடுத்த முறை தெரியாது. ரீஸ்டோர் முடிந்த கையோடு, வேகத்துக்காகத் தளர்த்திய மதிப்புகளைத் திரும்பப் பழைய நிலைக்கு வையுங்கள். குறிப்பாக, எழுதியது டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்க்கை அணைத்திருந்தாலோ மைஎஸ்க்யூஎல்லில் கமிட்டுக்கு லாக் எழுதுவதைத் தளர்த்தியிருந்தாலோ, பயனர்களை உள்ளே விடும் முன் அதைத் திருப்பிவிட்டு உடனே ஒரு புதிய பேக்கப் எடுத்துவிடுங்கள். இந்த முறை தாளில் எழுதிய வேறு டிஸ்க்கில்.